வேட்டிக்குப் பின்னால் நாலு பல்பு

டிசம்பர் 1, திங்கள்

கையைத் தூக்கிவிட்டேன்!

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசி ஜெபம் முடிந்ததும் செருப்பைத் தேடுகிறவள் நான். என் வீட்டுக்காரர் சாமுவேல் தவறிப்போன பிறகு ஆறு வருஷமாக அப்படித்தான். இன்று குருவானவரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, எழுந்து நின்று, “கிறிஸ்துமஸ் விற்பனை விழாவுல இந்த வருஷம் குடும்பப் போட்டோ எடுத்துக் குடுக்க ஒரு கடை போட்டா என்ன? யாரு பாத்துக்கிடுவீய?” என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் கை மேலே போய்விட்டது.

நல்ல யோசனைதான். இந்த நாளில் படம் எடுக்காத வீடு கிடையாது. ஆனால் செல்போனில் எடுக்கிற படத்தில் எடுக்கிறவர் இருக்க மாட்டார். வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து சேருவதே பண்டிகைக்குத்தான். அன்றைக்கு முழுக் குடும்பமும் ஒரே படத்தில் நின்றால் எப்படி இருக்கும்!

ஐயரம்மா கொடுப்பது இரண்டாயிரம் ரூபாய். அதற்குள் விளக்கு, திரை எல்லாம். உதவிக்குப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடும் தவசீலன் சாரைப் போட்டிருக்கிறார்கள். தலைமைத் தபால் நிலையத்தில் கவுண்டரில் இருப்பவர். கல்யாணம் ஆகாதவர், அதனால் சபையில் எந்த வேலை வந்தாலும் அவர் தலையில் கட்டுவது வழக்கம்.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்க மறந்துபோனேன்.

டிசம்பர் 3, புதன்

அலமாரியிலிருந்து சாமுவேலின் கேமராவை எடுத்துத் துடைத்தேன். உள்ளே இருந்த மெமரி கார்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டு வைத்தேன். புதிய கார்டு வாங்கிப் போட்டேன்.

நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளி நூலகத்தைப் பூட்டிவிட்டு நேரே ஆலய மண்டபத்துக்குப் போனேன். தவசீலன் சார் எனக்கு முன்பே வந்து ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை உட்காரவைத்து, கேமராவிலேயே இருக்கும் ஃப்ளாஷைப் போட்டு ஒன்று எடுத்தேன். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வந்தது. பின்சுவரில் இன்னொரு கறுப்புத் தவசீலன் சார் நின்றார்.

அவர் நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

“டீச்சர், ஆதார் கார்டுல நான் இதைவிட நல்லா இருப்பேன்.”

“இது முதல் படம் சார்.”

“சரி சரி. குறை சொல்லல. தகவல் சொன்னேன்.”

ஸ்டூலைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டோம். கறுப்புத் தவசீலன் காணாமல் போனார்! சும்மா இடத்தை மாற்றியே இவ்வளவு செய்ய முடிகிறதே.

டிசம்பர் 4, வியாழன்

பல்பு, ஹோல்டர், வயர் வாங்கினேன். துவைக்கிற வேலை அப்படியே கிடக்கிறது.

டிசம்பர் 6, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

முதலில் நடந்த கூத்தை எழுத வேண்டும். ஒரு பக்கம் கடையில் வாங்கிய பல்பு, மறுபக்கம் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டுபோன பல்பு. படத்தில் தவசீலன் சாரின் இடது கன்னம் மஞ்சள் பூசிய மாதிரி, வலது கன்னம் நிலா மாதிரி. “ரெண்டு பேரும் எனக்குச் சொந்தக்காரங்கதான்” என்றார். எல்லா பல்பும் ஒரே பெட்டியில் வாங்க வேண்டும் என்று புரிந்தது.

அப்புறம் நிழல். மூக்குக்குக் கீழே மீசைக்கு மேல் இன்னொரு மீசை. பல்பைத் தூக்கினால் கண்ணுக்குக் கீழே குழி. இறக்கினால் பேய். ஒரு மணி நேரம் இப்படி ஏற்றி இறக்கி அலுத்துப்போய் உட்கார்ந்தேன். அப்போது ஜன்னலில் மேகம் வந்து வெயிலை மூடியது. தவசீலன் சார் முகத்தில் இருந்த கோடுகள் எல்லாம் அப்படியே இளகிப்போயின. மேகம் செய்வதை நாம் செய்ய முடியாதா? பல்பு சின்னது, அதனால்தான் நிழல் வெட்டுகிறது. வெளிச்சம் பெரிய இடத்திலிருந்து வந்தால்?

“சார், வெள்ளைத் துணி வேணும். பெருசா.”

“எவ்ளோ பெருசு?”

“ஆள் உயரத்துக்கு.”

அவர் சைக்கிளில் போய், பண்டிகைக்கென்று வாங்கி வைத்திருந்த புது வேட்டியைக் கடை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து நீட்டினார். கொசுவலைக் கம்பியில் அதை இழுத்துக் கட்டி, பின்னால் நாலு பல்பை வரிசையாக மாட்டினோம். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினேன். வேட்டியிலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அடுத்த கன்னத்துக்கும் கொஞ்சம் போகும் என்று ஒரு நம்பிக்கை.

போட்டேன். எடுத்தேன்.

படத்தில் ஒரு மனிதர் இருந்தார். இடது புருவத்தின் மேல் சின்னத் தழும்பு. கண்ணோரத்தில் சிரிப்புக்கு முந்தின சுருக்கம். தாடையில் சவரம் தவறிய ஓரிடம். எதையும் வெளிச்சம் மறைக்கவில்லை, எதையும் குத்திக் காட்டவும் இல்லை.

“இது நானா டீச்சர்?” என்றார்.

“வேட்டி உங்களோடதுதான்” என்றேன். இருவரும் சிரித்தோம். மண்டபத்தைக் கூட்டுகிற அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனையில் பாடகர் குழு நன்றாகப் பாடியது. அடிக்குரல் தனியாகக் கேட்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்றைய சிக்கல் மூக்குக்கண்ணாடி. வேட்டியை முகத்துக்கு நேரே நகர்த்தியதும் அது முழுவதும் அவர் கண்ணாடியில் இரண்டு வெள்ளை ஜன்னலாக விழுந்தது. கண்ணைக் காணோம். சபையில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள், இதைத் தீர்த்தே ஆக வேண்டும். கம்பியை உயர்த்தி, பக்கவாட்டில் தள்ளி, அவர் முகவாயைச் சற்றுக் குனியச் சொன்னேன். போய்விட்டது! ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணாடி இல்லாமலும் சில படங்கள் எடுத்தேன். கண்ணாடி இல்லாமல் அவர் வேறு ஆள். கண்கள் கொஞ்சம் பழுப்பு. வெளிச்சத்தை உயர்த்தினால் பழுப்பு நன்றாகத் தெரிகிறது. ஆகவே கம்பி உயரமாகவே இருக்கட்டும்.

ஒப்பிடுவதற்கு இன்னும் சில எடுக்க வேண்டியிருக்கும்.

டிசம்பர் 11, வியாழன்

மழை. போகவில்லை. சாயங்காலம் தவசீலன் சார் போன் செய்து, மண்டபத்தில் ஒழுகவில்லை, வேட்டி நனையவில்லை என்றார். அப்புறம் எங்கள் தெருவில் ஒழுகுகிறதா என்றார். தெரு எப்படி ஒழுகும்? சிரித்துவிட்டேன். ரசம் வைத்தேன், உப்புப் போடவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

எமிலி மைனி வந்திருந்தாள். சாமுவேலின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. காபி குடித்து முடிக்கும் வரை உளுந்து விலையைப் பற்றியே பேசினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ரூபி, நான் தப்பா நினைக்கல. ஆனா மண்டபத்துல தினமும் நீங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கீயளாம். ஊரு வாய மூட முடியாதுல்லா? நம்ம வீட்டுப் பிள்ளை நீ.”

“லைட் டெஸ்ட் பண்ணுதோம் மைனி.”

“லைட்டு டெஸ்டுக்கு ஆம்பள எதுக்கு?”

டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன். நாளை வர வேண்டாம் என்று தவசீலன் சாருக்குச் செய்தி அனுப்பினேன். ‘சரிங்க டீச்சர்’ என்று பதில் வந்தது. வேறொன்றும் இல்லை. வேறென்ன இருக்க வேண்டும்?

டிசம்பர் 14, ஞாயிறு

ஸ்டூலில் ஒரு மண்பானையைக் கவிழ்த்து, என் பழைய கண்ணாடியை அதற்கு மாட்டி, நேற்றும் இன்றும் படம் எடுத்தேன். பானை இமைக்காது, அசையாது, கேள்வி கேட்காது. ஆனால் ஒரு படமும் சரியாக வரவில்லை. அதே வேட்டி, அதே பல்பு, அதே உயரம்.

வாசலில் தொண்டையைக் கனைக்கும் சத்தம். பாடல் பயிற்சிக்கு வந்த தவசீலன் சார் எட்டிப் பார்த்திருக்கிறார்.

“என் மூஞ்சிக்குப் பானை தேவலைன்னு ஆயிட்டா டீச்சர்?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பானையிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

“உங்களுக்குச் சங்கடம்னா வேற ஆளை அனுப்புதேன். தப்பில்ல.”

“வேண்டாம்” என்றேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

“அப்போ கதவு ரெண்டையும் நல்லாத் திறந்து வைப்போம். பாக்குதவங்க வந்து பாக்கட்டும். ஸ்டூல்ல உக்காந்து லைட்டுக்கு முகம் குடுத்துட்டும் போகட்டும்.”

அப்படியே செய்தோம். கூட்டுகிற அக்கா, கோயில் காவலாளி, பயிற்சிக்கு வந்த நாலு பேர் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எத்தனை விதமான முகங்கள்! நாளைக்கும் வருவோம் என்கிறார்கள்.

டிசம்பர் 16, செவ்வாய்

கேரல் பவனி எங்கள் தெருவுக்கு வந்து போனது. அடிக்குரல் இன்று கொஞ்சம் கம்மல். சுக்குத் தட்டிக் கொடுத்தனுப்ப வேண்டும்.

டிசம்பர் 17, புதன்

என் மகள் ஷெரின் மதுரையிலிருந்து வந்துவிட்டாள்! நர்சிங் கல்லூரிச் சாப்பாட்டில் இளைத்துப்போயிருக்கிறாள். மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே கேமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, எல்லாத்துலயும் இந்த அங்கிள்தான் இருக்காங்க.”

“லைட் டெஸ்ட்.”

“இதுல லைட்டே போடலியே. டீ குடிச்சிட்டு இருக்காங்க.”

“அது... ஜன்னல் வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாத்தேன்.”

அவள் கேமராவை மூடி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தாள். “இது அப்பா கேமராதானே?” என்று கேட்டாள். “ஆமா” என்றேன். மீதிச் சோற்றைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். பயணக் களைப்பு.

டிசம்பர் 18, வியாழன்

கடைசிச் சோதனை. மேடையில் இருக்கும் அரக்குத் திரைதான் பின்னணி. குழந்தைகள் அசைந்தால் படம் கலங்குகிறது, அதனால் வேட்டியை இன்னும் கிட்டே நகர்த்தினோம். அப்போது வெளிச்சம் கூடுகிறது, கேமரா வேகமாக எடுத்துவிடுகிறது. எல்லாம் கைக்கு வந்துவிட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தவசீலன் சார் ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போல் முகவாயைக் குனிந்துகொண்டே சொன்னார்: “டீச்சர், எனக்கு பிரமோஷன் வந்திருக்கு. ஓசூர். ஜனவரியில சேரணும்.”

“நல்லது சார். அசையாதீங்க” என்றேன்.

அந்தப் படம் கலங்கிவிட்டது. வேட்டி கிட்டேதான் இருந்தது, அவரும் அசையவில்லை. ஏனென்று தெரியவில்லை.

டிசம்பர் 20, சனி

இன்று நடந்ததை எப்படி எழுத!

நாலு மணிக்கு விழா தொடங்கியது. எங்கள் கடைக்கு முன்னால் வரிசை மண்டப வாசல் வரை நின்றது. பட்டுச் சேலை, புதுச் சட்டை, பவுடர், மல்லிகைப்பூ. முதல் குடும்பம் உட்கார்ந்தது, நான் கண்ணைக் கேமராவில் வைத்தேன், டப்பென்று எல்லாம் இருண்டது. வடைக் கடையில் மூன்று கரண்டு அடுப்பை ஒரே சமயத்தில் போட்டிருக்கிறார்கள். மண்டபத்து மெயினே எரிந்துபோய்விட்டது. ஆள் வந்து சரிசெய்ய இரவாகும் என்றார்கள்.

கைக்குழந்தை அழுதது. “இப்படித்தான் ஆவும்னு தெரியும்” என்று யாரோ சொன்னார்கள். எவ்வளவு பேரை நம்பவைத்திருக்கிறேன்!

மேற்குக் கதவு வழியே ஒரு பட்டை வெயில் தரையில் கிடந்தது.

“சார்! வேட்டியத் தூக்குங்க!”

“எங்க?”

“வராந்தாவுக்கு! மேக்க சூரியன் இருக்கு!”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கொசுவலைக் கம்பியோடு வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார். ஷெரின் தெர்மாகோலை எடுத்தாள். காவலாளி அரக்குத் திரையை உருவிக்கொண்டு வந்தார். சாய்ந்த வெயிலுக்கு முன்னால் வேட்டியை நிறுத்தினோம். நாலு பல்பு தராததை ஒற்றைச் சூரியன் தந்தது. வேட்டி முழுவதும் பாலாகப் பொங்கியது.

“வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க! வெயில் போயிரும்!” என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். வரிசை குதித்து வந்தது. காற்றில் வேட்டி கப்பல் பாய் மாதிரி உப்பியது. தவசீலன் சார் பெஞ்சில் ஏறி, கம்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். சூரியன் இறங்க இறங்க, “இன்னும் கீழ சார், இடது பக்கம் சார்” என்று நான் சொல்ல, அவர் பெஞ்சிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து முட்டிக்கு இறங்கினார்.

ஆலய வாசலில் மீன் விற்கும் செல்லக்கனியக்கா மகள்கள் இருவரோடு வந்தாள். ஸ்டுடியோவில் எடுத்தால் தன்னை வெள்ளையாக்கிவிடுவார்கள் என்று இத்தனை நாள் எடுக்காமலே இருந்தவள். கேமராவின் பின்பக்கத்தில் படத்தைக் காட்டினேன். சேலை முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுக் கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

“கறுப்பாத்தான் இருக்கேன். ஆனா நல்லா இருக்கேன்லா?” என்றாள் மகள்களிடம்.

எமிலி மைனியும் வந்தாள். அத்தான், மகன், மருமகள், பேரன் எல்லோரும். என்னிடம் பேசாமல் விறைப்பாக நின்றாள். “மைனி, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க” என்றேன். திரும்பியவள் முட்டி போட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் தவசீலன் சாரைப் பார்த்தாள். அவர் வியர்வை கண்ணில் இறங்க, துடைக்கக் கை இல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மைனி அவரையே பார்த்தாள். அப்போது எடுத்தேன். அவளை அவ்வளவு சாந்தமாக நான் பார்த்ததே இல்லை.

கடைசிக் குடும்பம் எழுந்தபோது சூரியன் பனைக்குப் பின்னால் போய்விட்டது. ஒருவர்கூட படம் இல்லாமல் திரும்பவில்லை. தவசீலன் சார் அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். வேட்டி அவர் மேல் விழுந்து கிடந்தது.

“இனி இதக் கட்ட முடியாது டீச்சர்” என்றார் வேட்டிக்குள்ளிருந்து.

டிசம்பர் 21, ஞாயிறு

ஷெரினும் நானும் படங்களைப் பிரித்து அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் சொன்னாள்:

“நேத்து நீ கத்துனேல்லா, ‘வாங்க, வெயில் போயிரும்’னு.”

“தொண்டை இன்னும் வலிக்கு.”

“அப்பா இருக்கும்போதுதான் நீ அப்படிக் கத்துவ. அப்புறம் நான் கேக்கவே இல்லம்மா. உனக்குச் சத்தமே போயிட்டுன்னு நினைச்சேன்.”

நான் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

“புதன்கிழமை எனக்குக் கோவம் வந்துச்சு. இப்போ இல்ல. அந்த அங்கிள் ஓசூர் போறாங்களாமே?”

“ஆமா.”

“‘ஆமா’வா? அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்ல?”

“எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? அவங்ககிட்டப் போய்ச் சொல்லு.”

டிசம்பர் 22, திங்கள்

அச்சான படங்கள் வந்துவிட்டன. வீடு வீடாகக் கொடுத்தோம். எல்லா வீட்டிலும் அதிரசம். மைனி வீட்டில் படத்தை அதற்குள் டி.வி.க்கு மேல் வைத்துவிட்டாள்.

நல்ல நாள்தான். ஆனால் எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

பதினொரு மணிக்குத் தபால் நிலையம் போனேன். பண்டிகைக் கூட்டம். வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலக, நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். நாற்பத்து மூன்று வயதில் இது என்ன!

கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் தலை நிமிராமல், “சொல்லுங்க” என்றார்.

“ஓசூருக்கு ஸ்பீட் போஸ்ட் போக எத்தனை நாள் ஆகும்?”

நிமிர்ந்தார். “டீச்சர்! ரெண்டு நாள்... யாருக்கு அனுப்பணும்?”

“அங்க பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்கா?”

“இருக்கும். ஏன் டீச்சர்?”

“அதுல லைப்ரரி இருக்குமா?”

அவர் கையில் இருந்த முத்திரைக் கட்டை அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், “ஏம்மா, ஸ்டாம்பா, கவரா? சீக்கிரம் சொல்லுங்க” என்றார்.

“நான் ஓசூர் போகணும்னு கட்டாயம் இல்ல” என்றார் தவசீலன் சார், மெதுவாக. “பிரமோஷன் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா...”

“எழுதிக் குடுக்காதீங்க. நானும் இந்த ஊர விட்டு வேற ஊரு பாத்ததே இல்ல. இனிப் பாக்கணும்.”

சொல்லிவிட்டேன். கையைத் தூக்கியதுபோல் தானாக வந்துவிட்டது. காது இரண்டும் சுட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டாமல் மேசையில் வைத்தார்.

“ரூபி” என்றார். டீச்சர் இல்லை.

பிறகு மேசைக்கடியிலிருந்து ‘உணவு இடைவேளை’ அட்டையை எடுத்துக் கவுண்டரில் நிறுத்திவிட்டு எழுந்தார். வரிசை மொத்தமும் கத்தியது. “மணி பன்னெண்டுகூட ஆவல சார்! என்ன அநியாயம் இது!” பெரியவர் என்னைத்தான் முறைத்தார். பக்கத்துக் கவுண்டர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, “எல்லாரும் இங்க வாங்க, நான் பாக்கேன்” என்று கூப்பிட்டாள்.

எதிர்க்கடையில் டீ குடித்தோம். என்ன பேசினோம் என்று எழுதப்போவதில்லை.

டிசம்பர் 25, வியாழன்

அதிகாலை ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். வெளியே நல்ல குளிர். ஆலய முற்றத்தில் நான், ஷெரின், கொஞ்சம் தள்ளி அவர். பழைய வேட்டிதான் கட்டியிருந்தார். எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டே கைகுலுக்கினார்கள்.

எமிலி மைனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்தாள். ஷெரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மைனி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்த பழக்கத்தில் முகவாயைக் குனிந்துகொண்டார்.

“மத்தியானம் உங்க வீட்டுல சாப்பாட்டுக்கு யாரு யாரு?” என்று கேட்டாள்.

“மூணு பேரு மைனி” என்றேன்.

“கறி கூடக் கொஞ்சம் எடுத்துக்கோ. நாங்களும் வாரோம்” என்றாள்.